நான்கு விரல் அகலம்

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை.
மலைமேல் பனி இன்னும் முடிவெடுக்கவில்லை.
இருபத்தொரு மண்வெட்டிகள் வந்திருக்கின்றன,
போன வருடம் இருபத்தாறு.
டென்வரில் குடியேறிவிட்ட ஒருவர்
ஆளுக்குப் பதில் காசோலை அனுப்பியிருக்கிறார்.
காசோலை தூர்வாராது என்கிறார் ப்ரோகோப்பியோ.
ஆனாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

நியூ மெக்சிகோ மாநிலத்தைவிட
இந்த வாய்க்காலுக்கு வயது அதிகம்.
வெட்டியது யார் என்று கேட்டால்
ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்,
எல்லாம் அவரவர் வீட்டுப் பெயர்.
மண்வெட்டிக் காம்பை மூன்று முறை கிடத்திய நீளம்
ஒருவர் பங்கு.
முடிந்ததும் "வுவெல்தா!" என்று கத்த வேண்டும்,
வரிசை மேலே நகரும்.
இந்த வருடம் கத்துகிறவள் நான்.
மயோர்தோமா. மடைச் சாவிகள் என் இடுப்பில்.
ஒரு பெண்ணின் குரலுக்கு நகர்வதா என்று
வரிசை ஒரு கணம் யோசித்தது.
பிறகு குளிருக்காகவாவது நகர்ந்தது.

இந்த வாய்க்காலில் தண்ணீரோடு என்னென்னவோ வரும்.
சாவு விழுந்த வீட்டு வயலுக்கு
அந்த வாரம் முறை பார்க்காமல் மடை திறப்பது வரும்.
எந்தக் கரையில் வில்லோ மரத்தை வெட்டக்கூடாது என்பது வரும்.
பரேலாக்கள் தண்ணீர்த் திருடர்கள் என்பதும் வரும்.

என் அப்பா அப்படிச் சொன்னதே இல்லை.
பரேலா தோட்டத்து ஆப்ரிகாட்டை யாராவது கொண்டுவந்தால்
வாங்கி, கடித்து,
"நல்லாத் தண்ணி குடிச்ச மரம்" என்பார்.
அவ்வளவுதான்.

ஜூனில் வாய்க்கால் நூலாக மெலிந்தது.
கடைமடையில் எலியுத்தேரியா பரேலாவின் மிளகாய்ச் செடிகள்
தலை தொங்கின.
இரவு பதினொன்றுக்கு டார்ச்சோடு போனேன்,
கீழிருந்து மேலே, மடை மடையாக.
பரேலா மடை காய்ந்து கிடந்தது.
அடுத்ததில் பூட்டு.
அதற்கடுத்ததிலும் பூட்டு.
எங்கள் மடையிலும் பூட்டு இருந்தது.
தண்ணீர்ச் சத்தமும் இருந்தது.

பலகையை உருவினேன்.
அடிப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு,
உளியால் இழைத்தது,
ஓரம் வழவழவென்று தேய்ந்து.
பலகை ஒன்றும் நூறு வருடம் தாங்காது.
உளுத்துப்போய் மாற்றிய போதெல்லாம்
புதுசிலும் யாரோ
பழையதை வைத்து அளவெடுத்திருக்க வேண்டும்.
என் விரல்களை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தின.

காலையில் சமையலறை மேசைமேல் ஈரப் பலகை.
"பரேலாங்க வெட்டினதா?" என்றான் ஃபிடேல்.
ஒன்பது வயது.
"பரேலான்னு யார் உனக்குச் சொன்னது?"
"யாரும் சொல்லல," பாலை ஊற்றியபடி,
"எல்லாருக்கும் தெரியும்."
"கடைமடைக்காரன் தலைமடைத் தண்ணியை
எப்படிடா திருடுவான்?"
அவன் கரண்டி பாதியில் நின்றது.
எனக்கு நாற்பத்து மூன்று வயதில் நின்றது.

கூட்டத்துக்குப் பலகையைத் தூக்கிப் போனேன்.
குறிப்பேடு வைத்திருக்கும் ஓர்ஃபெலிந்தா
பேனாவைத் திறந்து, "எழுதவா?" என்றாள்.
எழுது என்றேன்.
"வெட்டியவர் பெயர்?"
நாற்காலிகள் கிறீச்சிட்டன.
என்னிடம் குடும்பப் பெயர் மட்டும்தான் இருந்தது.
அதைச் சொன்னேன், எழுத்தெழுத்தாக,
அவளுக்குத் தெரியாத பெயர் போல.

எலியுத்தேரியா எழுந்து வந்தாள்.
பலகையைத் தொடவில்லை,
பார்த்தாள்.
"எங்களுக்குத் தெரியும்," என்றாள்.
"எங்க வீட்டிலயும் யாரும் சொல்லித்தரல."

ப்ரோகோப்பியோ இருமினார்.
அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்றார்.
அடுத்த விஷயம்,
அந்த டென்வர் காசோலை.