நான்கு பகல், மூன்று இரவு

ஜவுளிக்கடைக் குலுக்கலில் விழுந்தது பஹ்ரைன்.
இருவருக்கு என்று போட்டிருந்தது சீட்டில்.
அவருக்கு விமானம் என்றாலே காது அடைக்கும்;
ஆகவே நாத்தனார் வந்தாள்,
நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை
மூன்று நைட்டியில் சுற்றிக்கொண்டு.

முதல் நாள் முழுக்கப் பெருக்கல்.
ஒரு தினார் என்றால் இருநூற்றுச் சொச்சம்.
தண்ணீர் பாட்டிலைப் பெருக்கிப் பார்த்து
தாகமே இல்லை என்றாள் வேதவல்லி.
மனாமா தங்கக்கடைத் தெருவில் மட்டும்
கணக்கு மறந்து
கண்ணாடியில் மூக்கு பதிய நின்றோம் இருவரும்.

விடுதியின் பின்சந்தில் ஒரு ரொட்டி அடுப்பு.
விடியும் முன்பே வரிசை.
மாவை அடுப்புச் சுவரில் அறைகிறவன்
திரும்பாமல் விரலால் கேட்டான், எத்தனை?
இரண்டு விரல் காட்டினாள் வேதவல்லி.
நமக்கு அது இரண்டு ரொட்டி.
அவனுக்கு இரண்டு காசு.
முறம் அகலத்தில் எட்டு வந்து விழுந்தன,
கம்பி வலைமேல், எள் தெறிக்க.

பிடிக்க முடியவில்லை, போட மனமில்லை.
கைமாற்றிக் கைமாற்றி நாங்கள் ஆடியதில்
வரிசையே சிரித்தது.
அபாயா அணிந்த ஒருத்தி
தன் செய்தித்தாளில் பாதியைக் கிழித்து நீட்டினாள்.
விளையாட்டுப் பக்கம்.
கோல் அடித்து வாய் பிளந்தவனின்
முகத்தில் வைத்துத் தின்றோம்.
ஊறுகாய் பாதி காலி.

மூன்றாம் நாள் பாலைவனம்.
குழாய்கள், குழாய்கள்,
தலையாட்டும் எண்ணெய் எந்திரங்கள்,
பிறகு ஒன்றுமே இல்லாத மணல்,
அதன் நடுவே ஒரு மரம்.
உயிர் மரம், என்றான் ஓட்டுநர் ஜாசிம்
எங்களுக்கும் அவனுக்கும் அரைகுறையான இந்தியில்.
நானூறு வயது. தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று
யாருக்கும் தெரியாது.

வேதவல்லி கண்ணை இடுக்கினாள்.
"அடியே, இது வன்னிடி."

செருப்பைக் கழற்றினாள். மணல் சுட்டது.
மாட்டிக்கொண்டாள்.
"வெளிநாட்டுல பரவாயில்ல"
என்று தனக்கே அனுமதி தந்து
வேலிக்கு வெளியே வலம் வரத் தொடங்கினாள்.

போட்டோவுக்கு இடம் பார்க்கிறாரா, கேட்டான் ஜாசிம்.
என் இந்தியில் பிரதட்சிணம் இல்லை.
ஆமாம் என்றேன்.

இரண்டாம் சுற்றில்
அவள் பின்னே கொரியர் நால்வர்,
இங்கே அப்படித்தான் போலும் என்று
தொப்பியைக் கையில் எடுத்தபடி.
மூன்றாம் சுற்றில் ஒரு குழந்தையும் தள்ளுவண்டியும்.
அவள் நின்று கும்பிட்டபோது
ஒருவன் அவசரமாகக் கைகூப்பினான்.
என்ன வேண்டினாள் என்று
இன்றுவரை சொல்லவில்லை.

திரும்பும் வழியில்
ஜாசிம் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்:
வேலி போடாத காலத்தில்
பள்ளிக்கூடப் பையன்களாக வந்திருந்தோம்.
வடக்குக் கிளையில் என் பெயர் இருக்கிறது.
இன்னொரு பெயரும்.
அதற்குமேல் கண்ணாடியில் எங்களைப் பார்க்காமல்
சாலையைப் பார்த்தான்.
கரக் டீக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டில் கேட்டார், என்ன பார்த்தீர்கள்?
வேதவல்லி பையிலிருந்து
கோல் அடித்தவனை எடுத்து விரித்தாள்.
உள்ளே கடைசி ரொட்டி, பலகையாக.
டீயில் நனைத்துத் தின்றார்.
இதற்கா விமானம், என்று கேட்டுவிட்டு
இன்னொரு துண்டு உடைத்தார்.

வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில்
வன்னியின் வடக்குக் கிளையை
அண்ணாந்து தேடினேன்.
ஒரு டியூப்லைட் கட்டியிருந்தது.
கூடவே உபயதாரர் பெயர்.