நாற்பத்தொன்று புள்ளி இரண்டு

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் கிளினிக்.
பையனைக் கொண்டுபோனது என் தங்கை ஷெர்லின்.
நான் கூடப் போனது
அவள் அழுதால் குடையை வாங்கிப் பிடித்துக்கொள்ள.

சுவரில் பத்தொன்பது முகங்கள்.
விஞ்ஞானி, ஓவியர், பியானோ வாசித்தவர்,
கம்ப்யூட்டரில் கோடி சேர்த்தவர்.
மேலே மஞ்சள் எழுத்தில்:
இவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களே.
டாக்டர் ஸ்கேல் வைத்துக் காட்டினார்,
மேப்பில் நதிகளைக் காட்டுவதுபோல.
"பாத்தீங்களா? ஒண்ணும் பயப்படாண்டாம்."

ஷெர்லின் மூக்கை உறிஞ்சினாள். நான் எண்ணினேன்.
பதினெட்டு ஆண், ஒரு பெண்.
எட்டுப் பேர்
இந்தச் சொல் பிறக்கும் முன்னமே செத்தவர்கள்.
கல்லறையில் போய்
"பேர் சொல்லி விளிச்சா திரும்புவீங்களா" என்று
அவர்களிடம் கேட்டது யார்?
கேட்டேன். டாக்டர் சிரித்தார்.
நான் தமாஷ் சொல்லவில்லை.

பிறகு பையனைப் பற்றிய கேள்விகள்.
மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவானா?
பொத்துவேன்.
ஒரே சட்டைதான் வேண்டும் என்பானா?
இதே நீலத்தில் ஏழு வைத்திருக்கிறேன்.
சோறும் குழம்பும் தொட்டுக்கொண்டால்?
மூன்று அறை போட்ட தட்டு. மார்த்தாண்டம் சந்தையில் வாங்கியது.
கூட்டத்தில் சேருவானா?
கொடியேற்றுக்கு ஊரே கோயில் முற்றத்தில் நிற்க
ரப்பர் ஷீட் உணக்கும் புகைப்புரைக்குள் நான்
ஷீட்டுகளின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் வாய்க்குள்தான்.
பையன் மட்டும் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து
என் செருப்பைப் பார்த்தான்.
செருப்பைப் பார்த்துப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

எனக்கும் ஒரு சீட்டு எழுதுவீர்களா என்று
கேட்க நினைத்தேன்.
டோக்கன் ஒன்றுதான் போட்டிருந்தோம்.

நாற்பத்துமூன்று வருஷம் எனக்கு வேறு பெயர்கள்.
கமுக்கக்காரி. தலைக்கனம்.
ஆறாம் வகுப்பில்
"மொகத்தப் பாத்துப் பேசுட்டி" என்று விழுந்த அடி.
பெண்பார்க்க வந்த அருமனைக்காரர்கள்
என்ன இஷ்டம் என்று கேட்டார்கள். சொன்னேன்:
பத்து வருஷத்து ஐப்பசி மழை, நாள்வாரியாக.
மூன்றாம் வருஷத்தை எட்டுமுன்
கீழே அவர்கள் ஜீப் ஸ்டார்ட் ஆகிவிட்டது.
மிஞ்சிய முந்திரிக்கொத்தை நானே தின்றேன். எட்டு.

குலசேகரத்துக்கு மேலே எஸ்டேட் ஆபீஸில்
மழைமானி என் பொறுப்பு.
காலை எட்டரை. எட்டு இருபத்தொன்பது அல்ல.
வெள்ளத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி
குனிந்து
அதன் வளைவின் அடிக்கு நேராகக் கண்ணை வைக்கவேண்டும்.
அங்கே எனக்கு ஒருநாளும் பார்வை விலகியதில்லை.
ஓகி புயலுக்கு மறுநாள்
ரோடெல்லாம் ரப்பர் மரம் கிடந்தது, தாண்டித் தாண்டிப் போனேன்.
பதினாலு நிமிஷம் தாமதம்.
ரிஜிஸ்டரில் அதையும் எழுதினேன்.
மேனேஜர் வெட்டச் சொன்னார். வெட்டவில்லை.

மறுநாள் பேப்பரில் ஏழாம் பக்கம், கீழ்மூலையில்
ஒரு பட்டியல் வரும்.
பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, பாலமோர்,
அப்புறம் நாங்கள்.
எதற்கும் முகம் கிடையாது.
எதுவும் யாருக்கும் ஆறுதல் சொல்வதில்லை.
பெய்தது,
இவ்வளவு.

திரும்பும்போது பஸ்ஸில் ஷெர்லின் கேட்டாள்,
"இவனும் அந்த மாதிரி பெரிய ஆளா வருவானா அக்கா?"
தெரியாது என்றேன்.
நல்ல அக்கா வேறென்னவோ சொல்லியிருப்பாள்.
தக்கலையில் வண்டி நின்றது, சாரல்.
பையன் ஜன்னல் கம்பியை நக்கினான்.
அவள் இழுக்கப் போனாள்,
நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.
இரும்பில் மழை பட்டால் வரும் ருசி
எனக்குத் தெரியும்.

இன்று காலை நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
நாளை பேப்பரில் பாருங்கள்.
நாற்பத்தொன்று என்று மட்டும் போட்டிருந்தால்
அது என்னுடையதல்ல.