இடது ஓரத்து மீன், வலது ஓரத்து மீன்

பதினோரு வருடமாக
ஐந்தாம் கூடத்து நாற்காலி என்னுடையது.
யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.
சபேலா சொல்லும் விளக்கம் எனக்கு மனப்பாடம்:
எங்கே மூச்சு வாங்குவாள்,
எங்கே எலுமிச்சையின் பக்கம் கையை நீட்டுவாள்,
"இப்போதுதான் கடலிலிருந்து வந்தவை போல" என்று
எங்கே குரலைத் தாழ்த்துவாள், எல்லாம்.
பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி,
கப்பலில் வரும் ஜெர்மன்காரர்களுக்கு ஒரு மாதிரி.
மீன் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

பிப்ரவரியில் நகராட்சி பணம் கொடுத்தது.
'அருங்காட்சியகம் அனைவருக்கும்' என்று
பேருந்தின் விலாவில் எழுதியிருந்தது.
விகோ துறைமுகத்தின் டப்பா மீன் ஆலையிலிருந்து
பதினான்கு பெண்கள், காலை ஷிப்ட் முடிந்து,
மழையோடு உள்ளே வந்தார்கள்.
மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை.
நெற்றியில் தொப்பி வலையின் தடம் இன்னும் சிவப்பாக.
நான் சொல்வதற்கு முன்பே
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
"நாலு தடவை கழுவினாலும் போகாது" என்றாள் ஒருத்தி.
நான் எதுவும் கேட்கவேயில்லை.

முதல் நான்கு கூடங்களில்
புனிதர்கள், தளபதிகள், ஒரு பிரபுவின் நாய்.
தலையாட்டினார்கள்.
செருப்பு கடிக்கிறவர்கள் ஆட்டும் தலை.

ஐந்தாம் கூடம்.
மண் தட்டு, எலுமிச்சை, ஐந்து மீன்.
வரைந்தவன் பெயர் தெரியாது.
சபேலா தொடங்கினாள். மூச்சு வாங்கினாள். கை நீட்டினாள்.
"இப்போதுதான் கடலிலிருந்து..."

"எது?" என்றாள் டொரிண்டா.

முப்பத்தொரு வருடம் குடல் எடுத்த கை
முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தது.
நான் எழுந்து நின்றேன்.
"இடது ஓரத்தில் இருக்கிறதே, அது சரி.
கண் பிதுங்கி நிற்கிறது, மணி கறுப்பு.
அடுத்ததும் பரவாயில்லை.
நடுவில் கிடப்பதற்குக் கண்ணில் பால் படர்ந்துவிட்டது.
கடைசி? எங்கள் சூப்பர்வைசர் பார்த்தால்
பூனைக்குப் போடு என்பாள்."
"செவுளைப் பார், காப்பித்தூள்" என்றாள் ஒபுதூலியா.
"விரலை வைத்தால் குழி மேலே வராது."

பிறகு பதினான்கு பேரும் ஒன்றாகப் பேசினார்கள்.
ஒரே கூடை மீன், ஒரே நாள் பிடித்தது.
இடமிருந்து வலமாக வரைந்திருக்கிறான்.
குளிர்காலமென்றால் நாலு நாள்,
கோடையென்றால் இரண்டே நாள்.
கோடையில்லை என்று தீர்ப்பாயிற்று: ஈ இல்லையே.
"ஈயை விட்டிருப்பான்."
"செதிலை ஒன்றுவிடாமல் போட்டவன் ஈயை விடுவானா?"
"வீட்டுக்காரி என்ன பாடு பட்டாளோ,
சட்டியில் போட வாங்கிய மீன்!"

அந்தச் சிரிப்பு
புனிதர்கள் கூடம் வரைக்கும் போய்த் திரும்பியது.
சபேலா கையிலிருந்த அட்டையைத் திருப்பி
வெறும் பக்கத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டாள்.
எலுமிச்சையைப் பற்றிச் சொல்ல மறந்துபோனாள்.

வாசலில் படிவம் கொடுத்தார்கள்.
'இன்று நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?'
டொரிண்டா வெகுநேரம் பேனாவைக் கடித்து எழுதியது:
எங்கள் குளிரறையைவிட இங்கே நல்ல குளிர்.

ஜூனில் பணம் தீர்ந்தது.
பேருந்தில் இப்போது பல் மருத்துவமனை விளம்பரம்.
சுவரிலிருக்கும் குறிப்பட்டை மாறவில்லை,
அதற்கு ஒரு குழு கூட வேண்டுமாம்.
சபேலா மட்டும் ஜெர்மன்காரர்களிடம் கேட்கிறாள்,
"இதில் எது பழைய மீன்?"
மரியாதையாக உற்றுப் பார்க்கிறார்கள்.
ஒருவர் எலுமிச்சையைக் காட்டினார்.

நேற்று, கதவுகளை அடைத்தபின்,
வலது ஓரத்து மீனிடம் குனிந்தேன்.
வார்னிஷ், தூசி, வேறொன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் மூக்கைக் கொண்டுபோனேன்.

மணி அடித்தது.
என் காலத்தில் ஐந்தாம் கூடத்தில் அடித்த முதல் மணி.
பதிவேட்டைத் திறந்தேன். நேரம்: எட்டு ஐம்பத்திரண்டு.
எல்லை மீறியவர்: எலாடியோ, காவலர்.
காரணம் என்ற கட்டத்தில்
மீன் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
தூசி என்று எழுதினேன்.