விரல் கணக்கு

மௌலீஸ்வரனைப் பற்றிக் கேட்டால்
எல்லோரும் அவன் வலது தோளைச் சொல்வார்கள்.
நான் என் இடது உள்ளங்கையைக் காட்டுவேன்.
ஆள்காட்டி விரலின் அடியில்
மழைக்கு முன்னால் இன்னும் குடைகிற இடம்
அவன் பதினேழு வயதில் போட்டது.

பல்லடத்துக்குத் தெற்கே
சைசிங் மில்லுக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
லாரி டயரை அறுத்துப் பிளேட்.
அறுபதரை அடியைக்
கழிவு நூலால் அளந்தோம்;
நூல் இழுபடும்,
அதனால் தூரம் நாளுக்கு ஒன்றாக இருந்தது.
சட்டை, கேன்சலான ஆர்டர்.
நெஞ்சில் எந்த ஊரோ ஒரு கரடி,
கை முழங்கை தாண்டித் தொங்கும்.
கிரிக்கெட் ஆட வந்தவர்கள்
"பேஸ்பாலுங்களா, அடிச்சுட்டு ஓடிப்போறதுதானுங்க?"
என்று சிரித்துவிட்டு ஸ்டம்பை நட்டார்கள்.

ஒரு விரல் நீட்டினால் நேர்.
இரண்டு, வளைவு.
மூன்று என்றால் மெதுவாக.
நான் காட்டுவேன், அவன் போடுவான்.
பதினோரு வருசத்தில் ஒரு தடவைகூட
மாட்டேன் என்று தலையாட்டியதில்லை.

ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொள்ளும்.
காற்றாலை இறக்கைகளைப் பார்த்துவிட்டு
இரண்டு விரல் காட்டுவேன்.
பந்து, மட்டைக்காரனின் தோளுக்குப் புறப்பட்டு
எதையோ மறந்துவிட்ட மாதிரி
டயருக்குத் திரும்பும்.
வளைவில் பாதி அவனுடையது,
பாதி காற்றுடையது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அவனிடமும்.

ரயில்வே வேலை கைநழுவிய வருசம்
ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது.
நாகோயாவிலிருந்து இரண்டு மணி நேரம், ஒரு சின்ன லீக்.
சம்பளம், இங்கே கட்டிங் மாஸ்டர் வாங்குவதற்குக்
கொஞ்சம் மேலே.
ஊர் ஃப்ளெக்ஸ் வைத்தது.
அதில் அவன் கையில்
கிரிக்கெட் பந்தை ஒட்டியிருந்தார்கள்.

நான் செக்கிங் டேபிளுக்குப் போனேன்.
அங்கே மதியம் ஒரு மணி ஆட்டம்,
இங்கே காலை ஒன்பதரை, முதல் டீ.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது;
பனியன்களைப் புரட்டிக்கொண்டே
ஃபோனில் அவனைப் பார்ப்பேன்.
அந்தக் கேட்சர் ஒரு விரல் காட்டினால்
டேபிளுக்கு அடியில் என் கை இரண்டு காட்டும்.

ஒருநாள் கூரை போட்ட மைதானம்.
அவனும் இரண்டு விரல்தான் காட்டினான்.
பந்து பாதி வளைந்தது.
பாதிதானே இவனுடையது.
அடித்தவன் ஓடக்கூட இல்லை, நடந்தான்.
கறையோடு மூன்று துணி
என்னைத் தாண்டிப் போய்ப் பெட்டியில் விழுந்தன.

அப்புறம் தைவானில் ஒரு சீசன்.
செக் நாட்டில் இரண்டு கோடை:
வாரம் பூராவும் பீர் ஆலையில் பெட்டி அடுக்கி
ஞாயிறு மட்டும் பந்து.
முழங்கைத் தசைநார் அறுந்தது.
கோயமுத்தூரில் தொடையிலிருந்து எடுத்து வைத்துத் தைத்தார்கள்.
"ஃப்ளாட்லாக் தையலாட்ட இருக்குது பாரு"
என்று வீடியோ காலில் காட்டினான்.
தையலைச் சோதிக்கிறவன் நான்;
ஒன்றும் சொல்லவில்லை.

போன ஆடியில் வந்தான். முப்பத்து நாலு வயது.
"உக்காருடா" என்றான்.
டயர் இல்லை, செருப்பை வைத்தேன்.
காற்று பார்த்து, இரண்டு விரல்.

தலையாட்டினான்.

விரல் சரியாக மடங்கவில்லையோ என்று
குனிந்து பார்த்துக்கொண்டேன்.
மறுபடி இரண்டு. மறுபடி ஆட்டினான்.
ஒன்று. மூன்று. அதற்கும்.
எங்கே கற்றுக்கொண்டான் இதை?
கடைசியில் கையை மூடிவிட்டேன்.

வந்தது நேரும் இல்லை, வளைவும் இல்லை.
சுற்றாமல்,
நூல் தையலை எண்ணிவிடலாம் போல மெதுவாக,
காற்று தொட்ட பக்கமெல்லாம் தள்ளாடி,
கையுறைக்குப் போக்குக் காட்டிவிட்டு
என் முழங்காலில் விழுந்தது.

"என்னடா அது?"

"எங்க போகும்னு எனக்கே தெரியாது.
இது பூராவும் காத்துதான்.
பாதியில்ல."

முழங்காலைத் தேய்த்தபடி
பந்தை எடுக்கக் கருவேல முள்ளுக்குள் போனேன்.
இதற்கு எத்தனை விரல் என்று
கேட்கத்தான் இருந்தேன்.
திரும்பி வந்து செருப்பை நேராக்கி
உட்கார்ந்தேன்,
கையுறையை ஒரு சாண் இறக்கி.