அடுத்த பிறந்தநாளில் வயது

பேஸ்மென்றுக்குள் சித்திரைதோறும் தண்ணீர்.
காப்புறுதிக்காரர் நம்பவில்லை.
"இங்கே ஓடை ஏதும் இல்லையே" என்றார்
போனில் வரைபடத்தை இரண்டு விரலால் விரித்து.

அப்படித்தான் தொடங்கியது.
மார்க்கம் நூலகத்தில் ஒரு மைக்ரோபிலிம் இயந்திரம்,
சனிக்கிழமைகளில் எனக்கு இரண்டு மணித்தியாலம்.

ஆறாம் நிரை, பதினான்காம் காணி, மேற்குப் பாதி.
என் வீடும் இன்னும் அறுபத்திரண்டு வீடுகளும்
சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற நிலம்
அப்போது ஒரு ஹகர்ட்டியுடையது.
ஓடை இருந்தது,
புறங்கை நரம்புபோல, நீல மையில்.

படியெடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.
போகவில்லை.

ஹகர்ட்டி, ஹெகர்ட்டி, ஒருமுறை வெறும் அகர்ட்டி.
குடிசன மதிப்புக்கு வந்தவன்
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான்.
(என் பெயரின் கடைசி ஆறு எழுத்தை
வரிப் பத்திரத்தின் கட்டம் விழுங்கியதை
நான் பெரிதுபடுத்துவதில்லை.)
பங்குக் குருவானவருக்கோ எல்லாரும் லத்தீன்:
பிரிஜெட் அங்கே பிரிகிதா,
ஜேம்ஸ், யாக்கோபுஸ்.
திருமணப் பதிவில் கையொப்பத்துக்குப் பதில்
ஆளுக்கொரு பெருக்கல் குறி.
அவனுடையது சாய்ந்து,
அவளுடையது தாள் கிழியும் அழுத்தத்தில்.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று, தை.
கோதுமை நூற்றுப்பத்து புசல்.
பட்டாணி நாற்பது. டர்னிப் இருநூறு.
வெண்ணெய் நூற்றெண்பது இறாத்தல்.
அத்தனையையும் கடைந்தவளுக்குத்
தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அடுத்த கட்டம் விசித்திரமாய்க் கேட்கிறது:
வரப்போகும் பிறந்தநாளில் வயது என்ன?
ஜேம்ஸ் நாற்பத்தொன்று. பிரிஜெட் முப்பத்துநான்கு.
பற்றிக் ஒன்பது. ஹொனோரா ஆறு.
வினிஃப்ரெட், ஒன்று.

ஞானஸ்நானப் பதிவில் அவளைத் தேடினேன்:
முந்தின ஐப்பசி, பிறந்து மூன்றாம் நாள்.
இன்னும் இரண்டு படச்சுருள் தள்ளி
அடக்கப் பதிவில்: மாசி, நான்கு மாதம்.
ஓரத்தில் குருவானவரின் சின்ன எழுத்து,
தரை இறுகிக் கிடக்கிறது,
அடக்கம் சித்திரையில்.

கடந்த வருடம் யாராவது இறந்தார்களா
என்று அந்தத் தையிலும் கேட்டிருந்தார்கள்.
அப்போது அவளுக்கு உயிர் இருந்தது.
பத்து வருடம் கழித்து மறுபடி வந்து
போன பன்னிரண்டு மாதத்தை மட்டும் விசாரித்தார்கள்.
பிரிஜெட் என்ன சொல்லியிருப்பாள்,
இல்லை என்பதைத் தவிர?

அரசாங்கம் முற்பணமாய்க் கொடுத்த
அந்த ஒரு வயது
இன்னமும் அவள் பெயரில்தான் கிடக்கிறது.

வரைபடத்தைக் காப்புறுதிக்கு அனுப்பினேன்.
மூன்று கிழமையில் பதில்:
ஓடையை ஏற்றுக்கொள்கிறார்கள்.
ஆகவே இது முன்பே இருந்த நீர்.
ஆகவே பணம் இல்லை.

கடிதத்தைத் தண்ணீர் பில்லுகளோடு வைத்தேன்,
வினிஃப்ரெட்டின் பக்கத்துக்கு மேல்.
இரவு இரண்டு மணிக்குப் பம்பு
தானாக ஓடத் தொடங்குகிறது.
மேற்குப் பக்கச் சுவரில்தான்
முதலில் ஈரம் தெரியும்.