வழி கேட்பவர்களுக்கு

கூட்டுறவு பேங்கிலிருந்து சங்கிலியைத் திருப்பி
மூன்று நாள்தான் ஆகியிருந்தது.
கழுத்துக்கு அதன் கனம்
இன்னும் பழகவில்லை.

திங்கள்சந்தையில் மருந்துக்கடை ஷட்டர் இழுத்துவிட்டு
மினி பஸ்சில் வந்து இறங்கும்போது எட்டே முக்கால்.
சானல்கரையில் மூன்றாவது விளக்கு எரியாது.
எனக்குத் தெரியும்.
அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

“அக்கா, குருசடிக்கு எப்பிடிப் போணும்?”
பின்னால் இருந்தவன்தான் கேட்டான்.
மழையில்லாத ராத்திரியில் மழைக்கோட்டு.
கவனித்தேன்.
கவனித்ததை யோசிக்கும் முன்
கை நீட்டி வழி காட்டத் தொடங்கியிருந்தேன்.

இழுத்தான்.
விட்டிருக்கலாம்.
பதினெட்டு மாத வட்டியை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
முட்டு தாரில் உரைந்தது,
ஒரு செருப்பு சானலில் விழுந்து
அதுபாட்டுக்கு மிதந்து போனது.
பைக் ஒருமுறை ஆடி, நேராகி, மறைந்தது.
அறுந்த சங்கிலி சுடிதாருக்குள் கிடந்தது
என் மேல்சூட்டோடு.

“ஒண்ணும் போகல்லியே” என்றார்கள் எல்லாரும்.
“எத்தன பவன்?” என்றும் கேட்டார்கள்.
போனது வேறு.
கூப்பிட வாய் திறந்தபோது
சத்தம் வரவில்லை.
அதை எங்கே போய் எழுதிக் கொடுக்க?

இரணியல் ஸ்டேஷனில் ஏட்டு பேபி ரெஜினா
என் முட்டுக்கு மருந்து வைத்தபடி சொன்னார்:
“இனி இழுத்தா விட்டிரணும், பிள்ளே.
பொன்னு போட்டும். கழுத்து ஒண்ணுதான் உண்டும்.”
நல்ல வார்த்தைதான்.
அந்த ‘இனி’யில்தான்
என் வயிறு கலங்கிவிட்டது.

பிறகு ஆட்டோ.
பேடிக்கு ஒரு நாள் வாடகை எழுபது ரூபாய்.
பதினாறாம் நாள்
சம்பளக் கவரை எண்ணிப் பார்த்தேன்,
என்னைப் பிடித்துப் பறிப்பவர்கள்
இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எதிர் பேக்கரி ஜாஸ்லெட்டும் அதே நேரம்தான் அடைப்பாளாம்.
நான்கு வருடமாக ஒரே ரோட்டில்
முன்னும் பின்னுமாக நடந்திருக்கிறோம், பேசினதில்லை.
இப்போது வளைவு வரை ஒன்றாக வருகிறோம்.
வண்டிகளை எதிரே பார்க்கிற ஓரமாய் நட என்றது அவள்தான்.
மிஞ்சின பப்ஸை என் பையில் திணிப்பதும் அவள்தான்.
வளைவுக்குப் பிறகு நான் மட்டும்.

விளக்குக்கு மனு கொடுத்தேன்.
இரண்டாவது மனுவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மூன்றாம் முறை மனு எழுதவில்லை,
பேரூராட்சி வராந்தாவில்
சோற்றுப் பாத்திரத்தோடு உட்கார்ந்தேன்.
சாப்பிட்டுக் கை கழுவும்போது ஏணி புறப்பட்டது.

சத்தத்துக்குத்தான் மனு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே கேட்டருகே நின்றேன்.
கூட்ஸ் வண்டி கடக்கும்போது கத்திப் பார்க்கலாம்,
யாருக்கும் கேட்காது.
‘காப்பாற்றுங்கள்’ என்றேன்,
சினிமாக்காரி மாதிரி இருந்தது.
‘உதவி’ என்றேன்,
நாலாம் வகுப்புப் புத்தகம்.
இருமல் வந்தது, கண்ணீர் வந்தது,
அடுத்த ஞாயிறும் போனேன்.
நாற்பது பெட்டிக்கு நடுவே எங்கேயோ
அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது:
“கள்ளேன்! ஏ, கள்ளேன்!”
கடைசிப் பெட்டி கடந்த பிறகும்
நிறுத்தத் தெரியவில்லை எனக்கு.
கேட்டைத் தூக்க வந்தவர்
கள்ளனைத் தேடி
நாலுபக்கமும் பார்த்தார்.

நேற்று,
எரிகிற மூன்றாவது விளக்கருகே
ஒரு பைக் மெல்ல வந்து நின்றது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
“அக்கா, குருசடிக்கு…”

ரோட்டைக் கடந்து
வெளிச்சத்துக்குக் கீழே, சுவரில் முதுகு சாய்த்து நின்றேன்.
“அங்கயே நில்லுங்க!
நேரே போயி, பாலம் ஏறி, வலத்தோட்டு!”
இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது.
அவர் மிரண்டு போனார்.
பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய மலர்வளையம்.
சாவு வீடு தேடி வந்த மனுஷன்.

கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றிற்று.
சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்து
கதவைச் சாத்தின பிறகுதான் கால் நடுங்கியது.
நடுங்கட்டும்.
வழி
சரியாகத்தான் சொன்னேன்.