மைனஸ் இருபத்தாறு

பால்கனிக் கொடியில் பதினோரு நாப்பிகள்
பொரிக்காத அப்பளமாய் விறைத்து நிற்கின்றன.
"மடக்காதே, முறிஞ்சிடும்!"
கதவிடுக்கிலிருந்து கத்துகிறாள் நறுமுகை.
மடக்கிப் பார்த்தேன்.
சடக்.

சாஸ்கட்டூனில் ஈரம்
சொட்டாமலே போய்விடுகிறது,
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் விருந்தாளிபோல்.
மஞ்சள் கறை மட்டும் தங்கிவிட்டது.
வெயில் பட்டால் வெளுக்குமாம்.
வெயிலுக்கென்ன, கண் கூச அடிக்கிறது;
சூடுதான் இல்லை.

விறகுபோல் அள்ளி உள்ளே வந்தேன்.
ஹீட்டர் மேல் அவை ஒவ்வொன்றாய்த் துவள,
பன்னிரண்டாவதை நனைத்துவிட்டுச் சிரிக்கிறான் இளவேள்.

இந்த வீட்டுக்குள் ஒரு டயப்பர்கூட வராது
என்றுதான் பேச்சு.
அவசரத்துக்கென்று வாங்கிய பாக்கெட்
அலமாரி உச்சியில்.
முப்பத்தாறு இருக்க வேண்டும்.
முப்பத்தொன்று இருக்கிறது.

நான் எடுத்தது மூன்று.
அவளிடம் கேட்கவில்லை.